பழைய படகு மோட்டாருக்கு மோட்டார் சைக்கிள் டூ-டி எண்ணெய் போதுமா, மரைன் எண்ணெய்தான் வேணுமா?

பெர்ணம்கரை:
சுங்கை பெர்ணமில் ஆற்று இறாலுக்கு ஓடுற சம்பான் ரெண்டு. ஒண்ணுல 1950கள் கடைசியில வந்த ஜான்சன் 5.5 குதிரைசக்தி, இன்னொண்ணுல 1980கள் யமஹா 15. ரெண்டுமே டூ-ஸ்ட்ரோக், எண்ணெயைப் பெட்ரோல்லயே கலந்து ஊத்துற வகை. இங்க ஊத்தான் மெலிந்தாங்ல, தோட்டத்துப் புல்லு மெஷினுக்கு ஊத்துற மோட்டார் சைக்கிள் டூ-டி எந்தக் கடையிலும் கிடைக்குது. அதையே 50-க்கு 1 கலந்து ஒரே டின்னில வெச்சு ரெண்டுக்கும் ஊத்தலாமா? தெரிஞ்சவங்க அளவோட சொல்லுங்க.

செம்பனை:
தாராளமா ஊத்தலாம். டப்பாவுல ஜாசோ எஃப்டி-ன்னு ஜப்பான் தர முத்திரை இருக்கான்னு மட்டும் பாருங்க. வழவழப்பு, கரி கழுவுறது, புகை, எக்ஸாஸ்ட் அடைப்பு எல்லாத்தையும் சோதிச்சுக் குடுக்கிற தரம் அது. காத்துல மட்டும் ஆறுற இஞ்சின் சூட்டையே தாங்குற எண்ணெய், ஆத்துத் தண்ணி சுத்துற இஞ்சின்ல தாங்காதா? 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. அதுக்கு மேல ஊத்தினா பிளக்தான் நனையும்.

ஸ்பானர்_12:
செம்பனை அண்ணே, சிக்கல் சூடு தாங்காததுல இல்ல, சூடு இல்லாததுலதான் இருக்கு. மோட்டார் சைக்கிள் எண்ணெய்ல பிஸ்டனைக் கழுவ கால்சியம் மாதிரி உலோக மருந்து சேர்க்கிறாங்க. அது எரிஞ்சா சாம்பல். ஆத்துத் தண்ணி ஓடுற சிலிண்டர் அவ்வளவு சூடாகாது, அதனால சாம்பல் முழுசா வெளிய போகாம பிளக் முனையிலயும் ஹெட்டுலயும் ஒட்டும். இடைவெளியை அது மூடிட்டா ஸ்பார்க் செத்துடும். ஹெட்டுல ஒட்டின துண்டு கனன்றா ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும், பிஸ்டன் தலை ஓட்டையாகும்.

படகு மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3 முத்திரை போட்ட எண்ணெய்தான். அதுல உலோக மருந்து கிடையாது, நைட்ரஜன் சேர்ந்த மருந்து, சாம்பல் விடாது. துருத் தடுப்பும் உண்டு. ஒரு வாரம் ஜெட்டியில சும்மா தொங்குற மோட்டாருக்குள்ள நம்ம ஊர் ஈரம் என்ன செய்யும்னு யோசிங்க.

செம்பனை:
சாம்பல்னு பயமுறுத்தாதீங்க தம்பி. 0.25 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு ஜாசோவிலயே விதி இருக்கு. அந்த எண்ணெயை 50-ல ஒரு பங்குதான் ஊத்துறோம். திராட்டிலைத் திறந்து ஓட்டினா இருக்கிற கரியும் எரிஞ்சு போயிடும்.

ஸ்பானர்_12:
திறந்து ஓட்டினா சரி. இறாலுக்குப் போறவங்க யாரு திறந்து ஓட்டுறாங்க? இடம் மாத்தும்போது கொஞ்ச தூரம், மத்த நேரம் மணிக்கணக்கா மெதுவோட்டம். கரி சேர்றது அப்பதான். மரைன் எண்ணெய் தீர்ந்து போன அன்னைக்கு ஒரு டேங்க் எஃப்டி ஊத்தினா மோட்டார் சாகாது, அதை நானும் ஒத்துக்கிறேன். வருஷம் முழுக்க ஊத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

பழைய கைப்பிடி:
இருவரும் எண்ணெயின் வகையைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜான்சனைக் கொல்லப்போவது அளவு. அந்தக் காலத்து 5.5-இல் கிராங்க் தண்டின் மேல் கீழ் முனைகள் வெண்கல புஷ்ஷில், அதாவது உருளைகள் இல்லாத வெறும் வளையத்தில், சுழல்கின்றன. மெல்லிய உருளைகள் வைத்த ஊசி பேரிங்குக்கு எண்ணெய் மூட்டமாய்ப் பட்டால் போதும். புஷ்ஷுக்கு எண்ணெய் படலமாய் நிற்க வேண்டும். புஷ் தேய்ந்தால் கிராங்க் பெட்டியின் அழுத்தம் கசிந்து, கயிறு இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோகும்.

ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் பெரும்பாலானவை 1964-இல்தான் 50-க்கு 1 என்ற அளவுக்கு வந்தன. அதற்கு முந்தியவற்றுக்கு 24-க்கு 1: 5 லிட்டருக்கு 210 மில்லி. 1964-க்குப் பிறகும் புஷ் வைத்தே வந்த சிறிய மோட்டார்கள் உண்டு, ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரிட்டிஷ் சீகல் படகு மோட்டார் கிடைத்தால் இன்னும் கவனம். அதன் பழைய வகைகள் 10-க்கு 1 கேட்கும், லிட்டருக்கு 100 மில்லி.

செம்பனை:
ஐயா, அந்தக் கையேடு எழுதின காலத்துல ஊத்தினது சாதா எஸ்ஏஇ 30 மினியாக் ஈத்தாம், கார் இஞ்சின் எண்ணெய். இன்னைக்கு எண்ணெய் எவ்வளவோ மேல வந்தாச்சு. பாதி அளவே போதும். அதோட எண்ணெய் கூடினா பெட்ரோல் குறையும், இஞ்சின் காஞ்சு ஓடும்.

பழைய கைப்பிடி:
கணக்குப் போட்டுப் பாருங்கள். 50-க்கு 1 கலவையில் பெட்ரோல் 98 சதவீதம். 24-க்கு 1 கலவையில் 96 சதவீதம். அந்த 2 சதவீதத்தைக் கார்பரேட்டர் ஊசியில் ஒரு சிறு திருப்பலில் சரிக்கட்டலாம். எண்ணெய் சுத்தமாக எரிய முன்னேறியிருக்கிறது, உண்மை. ஆனால் புஷ்ஷில் எவ்வளவு நிற்கிறது என்பது எவ்வளவு ஊற்றினோம் என்பதைப் பொறுத்தது.

கையேட்டில் எஸ்ஏஇ 30 என்று பார்த்துவிட்டு இன்றைய கார் எண்ணெயை யாரும் ஊற்ற வேண்டாம். அன்று ஊற்றியதில் கழுவும் மருந்து குறைவு. இன்றையதில் துத்தநாகமும் கால்சியமும் உண்டு. ரிங் பள்ளத்தில் கரி இறுகி ரிங் ஒட்டிக்கொள்ளும்.

ஆத்தோரம்:
நம்ம ஊர்ல பாமாயிலுக்குப் பஞ்சமில்லையே, அதைக் கொஞ்சம் கலந்தா என்ன? பங்க் பெட்ரோல்லயே பாமாயில் இருக்குன்னு சொல்றாங்களே?

ஸ்பானர்_12:
அது டீசல்ல. பெட்ரோல்ல இல்ல. சமையல் எண்ணெய் சூட்டுல பிசினா மாறி ரிங்கை ஒட்டிடும், ஒரு சொட்டும் வேண்டாம். பெட்ரோல்ல ரோன்95 ரகம் போதும். இந்தப் பழைய மோட்டாருக்குக் கம்ப்ரஷன் குறைவு, ரோன்97-க்குக் குடுக்கிற காசு வீண்.

பெர்ணம்கரை:
சரி, ரெண்டுக்கும் 24-க்கு 1 கலந்துட்டா ஒரே டின் போதுமே?

செம்பனை:
அங்கதான் நான் சொன்னது வரும். யமஹா 15-ல ஊசி பேரிங், அதுக்கு 50-க்கு 1தான். ரெண்டு மடங்கு ஊத்தி மெதுவா ஓட்டினா பி7எச்எஸ் பிளக் கருத்து ஈரமாகும், எக்ஸாஸ்ட் வாயில கரி கட்டும். ஆத்து மேல எண்ணெய்ப் படலமும் மிதக்கும். நம்ம பிள்ளைங்க குளிக்கிற ஆறு அது.

ஸ்பானர்_12:
இதுல அண்ணன் கட்சிதான் நானும். பிளக் கருக்குதுன்னு சூடான பி6எச்எஸ் மாட்டிட்டு முழு வேகத்துல போகாதீங்க, பிஸ்டன் போயிடும். ரெண்டு டின் வைங்க. ஜான்சன் டின்னுக்குச் சிவப்பு பெயிண்ட் அடிச்சு, மூடியில ‘24’ன்னு எழுதுங்க. மாறினாலும் 24 யமஹாவுக்குப் போனா பிளக்கைத் துடைச்சா முடிஞ்சது. 50 ஜான்சனுக்குப் போனா புஷ் போச்சு.

கலக்கும்போது டின்னில பாதி பெட்ரோல், அப்புறம் அளந்த எண்ணெய், மூடிக் குலுக்கல், அப்புறம் மீதி பெட்ரோல். எண்ணெயை முதல்ல ஊத்தினா அடியிலயே தங்கும். அளக்கிறதுக்கு மருந்துக் கடை சிரிஞ்ச் நல்லது. குவளை, மூடி எல்லாம் ஆளுக்கு ஒரு அளவு.

பழைய கைப்பிடி:
ஜான்சனுக்கு 24 ஊற்றிய பின் ஊசியைச் சரிசெய்தே ஆக வேண்டும். மெதுவோட்ட ஊசியை மெல்ல முடியும்வரை மூடுங்கள், இறுக்கினால் முனை நசுங்கும். பிறகு ஒன்றரைச் சுற்று திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். இஞ்சின் சூடானதும் கியர் போட்டு, தண்ணீரிலேயே, எட்டில் ஒரு சுற்றாக மூடிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் பத்து விநாடி பொறுக்க வேண்டும். ‘தும்ம’ ஆரம்பித்தால் பெட்ரோல் போதவில்லை, எட்டில் ஒரு சுற்று திரும்பத் திறந்து நிறுத்துங்கள். குதிரை நடைபோல் தடக்கித் தடக்கி ஓடினால் பெட்ரோல் அதிகம்.

பிளக் இடைவெளி 0.030 அங்குலம், பாயிண்ட் இடைவெளி 0.020. நன்றாக ஓடிய பிளக்கின் முனை தேநீர்ச் சாயத்தில் இருக்கும். வெள்ளையாய் இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

இன்னொன்று: அந்தக் கால ஜான்சனில் பெட்ரோல் குழாய் இரட்டையாக இருந்தால் அதில் பெட்ரோல் பம்ப் கிடையாது. கிராங்க் பெட்டியின் அழுத்தம் ஒரு குழாய் வழியே டேங்குக்குப் போய், மறு குழாயில் பெட்ரோலைத் தள்ளுகிறது. யமஹாவின் ஒற்றைக் குழாய் டேங்கை அதில் மாட்ட முடியாது. டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும் பெட்ரோல் ஏறாது.

பெர்ணம்கரை:
ரெண்டு டின், டிசி-டபிள்யூ3. முடிவு பண்ணியாச்சு. ஓட்டி முடிச்சதும் கார்பரேட்டர்ல இருக்கிற பெட்ரோலை எரிச்சுக் காலி பண்றது நல்லதா கெட்டதா?

செம்பனை:
நாளைக்கே திரும்ப ஓட்டுறதா இருந்தா தேவையில்ல. ரெண்டு வாரம் நிறுத்துறதா இருந்தா செய்யணும், பெட்ரோல் ஆவியாப் போய் ஜெட்டுல பிசின் மாதிரி தங்கும்.

ஸ்பானர்_12:
செய்றப்ப தோங்ல (பெரிய பீப்பாய்ல) நல்ல தண்ணி நிரப்பி மோட்டாரை இறக்குங்க, இம்பெல்லர் (தண்ணி இழுக்கிற பம்ப் சக்கரம்) இருக்கிற இடத்துக்கு மேல தண்ணி நிக்கணும். பெர்ணம் சேறும் உப்பும் கழுவிப் போக ஒரு பத்து நிமிஷம் ஓடட்டும். அப்புறம் பெட்ரோல் குழாயைக் கழட்டி மெதுவோட்டத்துலயே நிக்க விடுங்க. வேகமா ஓட்டிக் காலி பண்ணாதீங்க, கடைசிச் சொட்டுல எண்ணெயும் வராது. நின்னதும் பிளக்கைக் கழட்டி, சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் டிசி-டபிள்யூ3 விட்டு, கயிறை மெதுவா நாலு தடவை இழுங்க. கீழே கியர் பெட்டியோட அடி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்க. எண்ணெய் பால் மாதிரி வந்தா சீல் போயிருக்கு, அதை மாத்தாம ஆத்துல இறக்காதீங்க.