புதுப்பிப்பு: பாவித்த மாதிரி ரயில் எஞ்சினில் ஒலி திரும்பியது

மூன்று வாரங்களுக்கு முன் ஹட்டனிலிருந்து நான் எழுதிய சிக்கல் தீர்ந்துவிட்டது. பாவித்த நிலையில் வாங்கிய 1:87 அளவு மாதிரி டீசல் ரயில் எஞ்சின் ஓடியது, விளக்குகளும் எரிந்தன. ஒலி மட்டும் வரவில்லை.

நீங்கள் சொன்னபடி, எஞ்சினின் ஓட்டத்தையும் ஒலியையும் கட்டுப்படுத்தும் சிறு மின்பலகையான லோக்சவுண்ட் டிகோடரில், மொத்த ஒலியளவைத் தீர்மானிக்கும் சி.வி. 63ஐ (சி.வி. என்பது டிகோடரின் எண்ணிட்ட அமைப்பு) முதலில் படித்தேன். அது 180 என்று உயர்வாகவே காட்டியதால், முந்தைய உரிமையாளர் ஒலியைக் குறைத்து வைத்திருக்கவில்லை என்பது உறுதியானது. சி.வி. 8இல் 8 என்று எழுதி ஆரம்ப நிலைக்கு மீட்டும் பயனில்லை.

மேற்கூட்டைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தபோதுதான் காரணம் புரிந்தது: 8 ஓம் ஸ்பீக்கர் அதன் முனைகளில் 7 ஓமுக்குச் சற்று மேலாகக் காட்டி நலமாகவே இருந்தது, ஆனால் டிகோடர் பக்கத்து வயர் நுனிகளிலிருந்து அளந்தால் தொடர்பே இல்லை. பச்சை படிந்த ஈயப்பற்றின் அடியில் ஒரு வயர் அறுந்திருந்தது. எங்கள் மலைநாட்டு ஈரத்தில் செம்பு இப்படிப் பச்சை பூத்துப்போவதை நான் முன்பும் கண்டிருக்கிறேன்.

இரண்டு வயர்களையும் புதிதாகப் பற்றவைத்து, அவை உலோகச் சட்டத்தில் பட்டால் டிகோடரே கருகிவிடக்கூடும் என்பதால், முனைகளை நன்றாக மூடினேன். ஸ்பீக்கரை மாற்றச் சொன்ன அண்ணருக்கு: அதற்குத் தேவை ஏற்படவில்லை. நேற்றிரவு எஞ்சின் உறுமியபோது, பதுளை ரயில்தான் வருகிறதென்று மகன் ஜன்னலுக்கு ஓடினான்.