பிக்குணிகளைப் பற்றி ஆய்வு செய்யப் போறன், வீட்டில சண்டை

தண்ணிமுறிப்புப் பெட்டை:
கலைப்பீடம், கடைசி வருசம். ஆய்வுக்குப் பெண்ணியமும் பௌத்தமும் எண்டு தலைப்புக் குடுத்திட்டன். தேரிகாதையையும் (ஆதிப் பிக்குணிகள், அதான் பௌத்தப் பெண் துறவிகள், பாலியில பாடின 73 பாட்டு) மணிமேகலையையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் படிக்கிறதுதான் யோசனை. அப்பா மூண்டு நாளா என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல. எங்கட வயலில நிண்டு பாத்தா, விகாரை கட்டினதால வழக்கு வரைக்கும் போன குருந்தூர்மலை. "இனி அங்கதான் பூ வைக்கப் போறியோ" எண்டு கேட்டவர். என்னில பிழையோ?

மாங்குளத்தான்:
பிழைதான் தங்கச்சி. 2019 இல நீராவியடிப் பிள்ளையார் கோயில் கேணிக்குப் பக்கத்தில, கோர்ட் மறிக்க மறிக்கப் பிக்கு ஒராளின்ர உடலை எரிச்சாங்கள். 2023 இல, குருந்தூர்மலை வழக்கைக் கேட்ட முல்லைத்தீவு நீதிபதி, உயிருக்குப் பயம் எண்டு எழுதிக் குடுத்திட்டு நாட்டை விட்டே போனார். அப்பா மூண்டு நாள் கதைக்காதது பெரிசில்லை, அவர் என்ன பாத்துப்போட்டுக் கதைக்காமல் இருக்கிறார் எண்டதை யோசியும். ஊர் முழுக்க மலையை விடுங்கோ எண்டு கேட்டுக்கொண்டு நிக்க, நீர் அவையின்ர புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நிக்கிறீர்.

வவுனியா ரீச்சர்:
அண்ணை, "அவையின்ர புத்தகம்" எண்டதிலதான் எனக்கு உதைக்குது. மணிமேகலை ஆற்றை? சாத்தனார் எழுதினது தமிழிலதானே. அவள் அமுதசுரபி எடுத்த மணிபல்லவம் எங்கட நயினாதீவு எண்டு கனபேர் சொல்லுகினம். குண்டலகேசியில கொஞ்சப் பாட்டுத்தான் மிஞ்சினது, அதுவும் தமிழ்ப் பௌத்தக் காப்பியம்தான். ஐம்பெருங்காப்பியத்தில ரெண்டு பௌத்தம் எண்டு வகுப்பில நான் இருபது வருசமாப் பாடமாக்க விடுறன். ஒரு பிள்ளை அதை உண்மையாவே திறந்து பாக்கப் போனால் மறிக்கிறம்.

மாங்குளத்தான்:
காப்பியம் வேற, காணி வேற ரீச்சர். நீங்கள் "தமிழ்ப் பௌத்தம்" எண்டு எழுதுங்கோ. நாளைக்கு அதையே காட்டி, "பாத்தியளோ, இங்க பௌத்தம் இருந்ததெண்டு உங்கட ஆக்களே எழுதியிருக்கினம்" எண்டு தொல்லியல் திணைக்களக்காரர் எல்லைக்கல்லு நடுவாங்கள். நட்டுமிருக்கிறாங்கள், எங்கட வயலுக்குள்ளயே. அந்தக் கல்லைச் சுத்தித்தான் இப்ப நான் உழுகிறன்.

வவுனியா ரீச்சர்:
கல்லு நட்டது அநியாயம், அதில ரெண்டு கதையில்லை. ஆனா இங்க இருந்த பௌத்தர் எல்லாரும் சிங்களவர் எண்ட கணக்கிலதானே நடுறாங்கள்? தமிழரும் பௌத்தராய் இருந்தவை எண்டு நாங்கள் எழுதாட்டி, அந்தக் கணக்கை நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

நந்திக்கடல் கௌரி:
நானும் எதிர்க்கிறன், ஆனா வேற பக்கத்தால. பெண்ணியம் எண்டு சொல்லிப் பௌத்தத்துக்கு வெள்ளையடிக்காதையும் பிள்ளை. பிக்குணிகளுக்கு எட்டுக் கருதர்மம், அதாவது மீற ஏலாத விதி, இருக்கு. முதலாவது என்ன தெரியுமோ? உபசம்பதா (முழுத் துறவு) எடுத்து நூறு வருசமான பிக்குணியும், அண்டைக்கு எடுத்த பிக்குவைக் கண்டால் எழும்பிக் கும்பிட வேணும். மணிமேகலைக்கு வாங்கோ. வஞ்சி நகரத்தில சமயவாதிகளோட கதைக்க ஆண்துறவியின்ர வேசம் போடுறாள். கடைசியில உத்தரமகதத்தில ஆணாப் பிறந்துதான் புத்தரின்ர தலைமாணாக்கர் ஆவாள் எண்டு கந்திற்பாவை (தூணில இருக்கிற தெய்வப் பாவை) சொல்லுது. காணார் பசி தீர்த்து, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கினவளுக்குப் பரிசு ஆம்பிளைப் பிறவி!

தண்ணிமுறிப்புப் பெட்டை:
கௌரி அக்கா, அது எனக்கும் தொண்டையில முள்ளு. அதை விழுங்கிப்போட்டு எழுத மாட்டன். ஆனா தேரிகாதையில முத்தா எண்டொரு பிக்குணி, மூண்டு கூனலில இருந்து விடுபட்டன் எண்டு பாடுறாள். உரல், உலக்கை, கூன்விழுந்த புருசன். எங்கட குசினிப் பின்வாசலில இருந்து ஆரோ கத்தின மாதிரி இல்லையோ? 2,000 வருசத்துக்கு மேல பழசு.

நந்திக்கடல் கௌரி:
முத்தாவை எனக்கும் பிடிக்கும். ஆனா அவள் விடுபட்டது பிறப்பு இறப்பில இருந்தும்தான், பாட்டின்ர மற்றப் பாதி அதுதான். வசதியான பாதியை மட்டும் வெட்டி எடுத்து முகநூலில போடுற வேலையைச் செய்யாதையும்.

வவுனியா ரீச்சர்:
கௌரி சொல்லுறது ஞாயம். அண்ணைக்கும் எனக்கும் கசக்கிற ஒண்டு நான் சொல்லுறன். அசோகன்ர மகள் சங்கமித்தை அனுராதபுரத்தில துவக்கி வைச்ச பிக்குணிச் சங்கம் ஆயிரம் வருசத்துக்கு மேல இருந்தது. சோழப்படை வந்த 11 ஆம் நூற்றாண்டோட இல்லாமல் போச்சு. பிறகு வந்த சிங்கள அரசன் விஜயபாகு பர்மாவில இருந்து ஆக்களைக் கூப்பிட்டு ஆம்பிளைச் சங்கத்தை மட்டும் எழுப்பினான், பெண்களை விட்டிட்டான். அறுத்ததில எங்கட ஆக்களுக்கும் பங்கு, கட்டாமல் விட்டதில அவைக்குப் பங்கு. 1998 இலதான் தம்புள்ளையில திரும்பத் துவங்கினவை. அடையாள அட்டையில பிக்குணி எண்டு போட 2025 வரைக்கும் உச்ச நீதிமன்றத்தில இழுபட்டவை. குருந்தூர்மலைக்குக் காவல் குடுக்கிற அரசாங்கம் அதுவரைக்கும் பிக்குணிக்கு ஒரு அட்டை குடுக்கேல்ல. அதை எழுத வன்னிப் பெட்டையை விட ஆர் தோது?

மாங்குளத்தான்:
அட்டைக் கதை எனக்குத் தெரியாது. உண்மையாத் தெரியாது.

தண்ணிமுறிப்புப் பெட்டை:
நேற்று இரவு நடந்ததைச் சொல்லுறன். தேரிகாதையில சோமா எண்ட பிக்குணியிட்ட மாரன் (துறவிகளின்ர மனசைக் கலைக்க வாறவன்) வந்து, "ரெண்டு விரல் அறிவுள்ள பொம்பிளையால அந்த ஞான நிலையை அடைய ஏலாது" எண்டு சொல்லுறான். அது ஏன் ரெண்டு விரல் எண்டு உரையில இருக்கு. ஏழெட்டு வயசில இருந்து சோறு காய்ச்சிற பெண்களுக்கு, ஒரு பருக்கையை எடுத்து ரெண்டு விரலால நசுக்காமல் வெந்ததோ எண்டு தெரியாதாம். மனம் ஒருமிச்சால் பெண் எண்டது என்ன செய்யும் எண்டு சோமா திருப்பிக் கேக்கிறாள்.

அம்மா அடுப்படியில நிண்டவ, நான் வாசிச்சன். அவ அகப்பையில பருக்கை எடுத்து, ஊதி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில வைச்சு நசுக்கினா. நடுவில வெள்ளைப் பொட்டு, இன்னும் வேகேல்ல. "நசுக்காமல் எப்பிடியடி தெரியும்? உதைச் சொன்னவன் ஒருநாளும் கஞ்சி வடிச்சிருக்க மாட்டான்" எண்டா. விறாந்தையில இருந்த அப்பாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது, இருமுற மாதிரிச் சமாளிச்சவர்.

மாங்குளத்தான்:
கொம்மா சொன்னது சரி. ஆனா நான் இன்னும் ஓம் சொல்லேல்ல, கண்டீரோ. எழுதி முடிச்சால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பும். கல்லு நட்ட கதையும் அதுக்குள்ள இருக்க வேணும்.

நந்திக்கடல் கௌரி:
கருதர்மம் எட்டும்!