புதுப்பிப்பு: மட்டக்களப்பு டவுனில் மெனிக்கியூர், பெடிக்கியூர்

தங்கச்சியின் கல்யாணத்துக்கு முன் பார்லரில் புக் பண்ணும்போது என்ன கேட்க வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். போய்ச் செய்துவிட்டு வந்தாயிற்று.

நகத்துக்கு ஜெல் பாலிஷா, சாதாரண கியூட்டெக்ஸா (நகப்பூச்சு) என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். நேரமும் காசும் அதைப் பொறுத்துத்தான். ஜெல் இரண்டு கிழமை போல நிற்கும், ஆனால் கழற்ற அசிட்டோனில் ஊறவைக்க வேண்டும். சுரண்டினால் நகம் மெலிந்துவிடும்.

நான் அதிகம் பார்த்தது சுத்தத்தைத்தான். கால் ஊறவைக்கும் பேசினை பார்லர் அக்கா என் கண்முன்னே கழுவி, கிருமிநாசினி போட்டுத் துடைத்தார். சரி, நல்லது. அப்புறம் நகத்தடித் தோலை வெட்டக் கத்தரியை எடுத்தார். "வெட்ட வேணாம் அக்கா, தள்ளி மட்டும் விடுங்க" என்றேன். கிருமி உள்ளே போகாமல் அடைத்து நிற்பதே அந்தத் தோல்தானே. அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் குச்சியால் மெதுவாகத் தள்ளிவிட்டார். குதிக்கால் வெடிப்புக்கும் பிளேட் வேண்டாம், தேய்க்கும் கல் போதும் என்றேன். கல்லடிக் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் திரிந்த காலுக்கு அதற்கே நேரம் போனது.

பெடிக்கியூருக்குப் போவதற்கு முதல் நாள் காலில் ரேசர் போடாதீர்கள். சின்னக் கீறல் வழியாகவும் தொற்று வரும். அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டவருக்கு: சீனி வருத்தம் இருந்தால் முதலில் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள்.