ஐயெல்ட்ஸ் லைன் கிராஃபும் அம்மாவின் பால் கணக்கு நோட்டும்: சுங்கை சிப்புட்டிலிருந்து சில அனுபவங்கள்

வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது தாதியாக (நர்ஸ்) வேலை செய்கிறேன். பிரிட்டனில் தாதியாகப் பதிவு செய்ய ஐயெல்ட்ஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வை எழுத வேண்டியிருந்தது. கேட்பது, வாசிப்பது, பேசுவது மூன்றிலும் 7 வேண்டும், எழுத்தில் 6.5 போதும். முதல் தடவை மற்ற மூன்றும் வந்துவிட்டன, எழுத்தில் 6. அரைப் புள்ளிதான், ஆனால் அதுக்காக மறுபடியும் முதலிலிருந்து.

தேர்வு முடிவில் எங்கே தவறு என்று யாரும் சொல்வதில்லை, எண் மட்டும்தான் வரும். அதனால் ஈப்போவில் ஒரு ஆசிரியையிடம் சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன். அவர் முதல் நாளே ஒரு லைன் கிராஃப் கொடுத்தார். ரப்பர் விலை. 2011 தொடக்கத்தில் உச்சிக்குப் போய், அப்புறம் வருஷா வருஷம் இறங்கி 2016 தொடக்கத்தில் அடியில் கிடக்கிறது. எனக்கு ஒரே சந்தோஷம், ஏனென்றால் அந்தக் கோடு எங்கள் வீட்டில் நடந்தது. விலை ஏறியபோது அப்பா புது மோட்டார் சைக்கிள் வாங்கினார், இறங்கியபோது அம்மா வங்கிப் புத்தகத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விறுவிறு என்று எழுதினேன். சீனாவில் டயர் தேவை, எண்ணெய் விலை வீழ்ச்சி, சின்னத் தோட்டக்காரர்கள் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டது, எல்லாம்.

ஆசிரியை படித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "இதில் சீனா எங்கே இருக்கிறது? படத்தில் காட்டுங்கள்."

காட்ட முடியவில்லை. அகாடமிக் எழுத்தின் முதல் பகுதியில் படத்தில் இருப்பதை மட்டும்தான் சொல்ல வேண்டும். காரணம், கருத்து, "அரசாங்கம் கவனிக்க வேண்டும்", எதுவும் கூடாது. இது எனக்கு முன்பே தெரியும், புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் படமாக வரும்போது கை தானாகவே காரணத்துக்குப் போய்விடுகிறது. தெரியாத தலைப்பு வந்திருந்தால் தப்பித்திருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அம்மாவின் பழைய நோட்டை எடுத்தேன். அம்மா இருபத்தெட்டு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தோட்டத்து ஸ்டோரில் எடை போட்ட பாலின் கிலோவைத் தினமும் பள்ளி நோட்டு ஒன்றில் எழுதி வைப்பார், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) போட்ட கணக்கோடு மாதக் கடைசியில் ஒத்துப் பார்க்க. பின் அட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு அச்சடித்த நோட்டு. சில நாட்களில் எண் இருக்காது, 'மழை' என்று மட்டும் இருக்கும். ஒரு இடத்தில் பால் சிந்திக் காய்ந்து இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வருஷத்தை எடுத்து மாதச் சராசரி போட்டுப் பன்னிரண்டு புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். ஜனவரியில் நாளுக்கு 32 கிலோ, மார்ச்சில் 17, ஜூலையில் 36, நவம்பரில் 24. அதை அம்மாவிடம் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "முன்னால ஒரு பள்ளம், பின்னால ஒரு பள்ளம், நடுவுல மேடு. முன்பள்ளம்தான் ரொம்ப ஆழம்" என்றார்.

எண் ஒன்றுகூட இல்லை. காரணமும் இல்லை. ஏன் அப்படி என்று நான் கேட்ட பிறகுதான் மாசி பங்குனியில் இலை உதிர்ந்து பால் குறையும், வருஷக் கடைசியில் மழையால் வெட்டு நாள் போகும் என்று சொன்னார். தேர்வுத் தாள் அந்த 'ஏன்' கேட்பதே இல்லை. முதலில் அம்மா சொன்னதைத்தான் ஆங்கிலத்தில் ஓவர்வியூ என்கிறார்கள். மதிப்பெண் அளவுகோலில் 7-க்கு அது தெளிவாக இருக்க வேண்டும். ஓவர்வியூ இல்லாமல் விவரத்தை வரிசையாக அடுக்கிக்கொண்டே போவதை 5-இல் வைத்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் என் பழக்கத்தை மாற்றினேன். இந்தப் பகுதிக்கு 20 நிமிடம், குறைந்தது 150 சொல். எழுத்து மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்குதான், மீதி கட்டுரைக்கு, ஆகவே இதில் நேரத்தைக் கொட்டக் கூடாது. முதல் மூன்று நிமிடம் எதுவும் எழுதமாட்டேன், அம்மா மாதிரி தள்ளி வைத்துப் பார்ப்பேன். கேள்வியை என் சொல்லில் ஒரு வரி எழுதுவேன், கேள்வியில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதினால் அது கணக்கில் வராது. அடுத்து 'ஓவரால்' என்று தொடங்கி எண்ணே இல்லாமல் இரண்டு வாக்கியம். அப்புறம்தான் எண்: தொடக்கம், முடிவு, உச்சி, அடி, இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும் இடம். நாலு கோடு இருந்தால் ஒன்றாக ஏறுவதை ஒரு பத்தியில், மற்றதை இன்னொரு பத்தியில். எல்லா வருஷத்துக்கும் எண் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாம் தடவை எழுத்தில் 7 வந்தது.

* * *

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன், நானும் சிப்புட்தான். நான் ஆறாம் படிவத்தில் இருந்தபோது மூவெட் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் ஆங்கிலத் தேர்வு) எழுதினேன், 2019-இல். அப்போது அதிலும் படம் பார்த்து 150 முதல் 200 சொல்லுக்குள் எழுதும் கேள்வி இருந்தது. 2021-இல் வடிவம் மாறி அந்த இடத்தில் கடிதம், மின்னஞ்சல் வந்துவிட்டது, ஆகவே இப்போது மூவெட் எழுதும் தம்பி தங்கைகள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம்.

நான் மாட்டிக்கொண்டது ஆங்கிலத்தின் 'பை' (by), 'டு' (to) இரண்டிலும். 20-இலிருந்து 30 ஆனதை 'இன்க்ரீஸ்ட் பை 30' என்று எழுதிக்கொண்டே இருந்தேன், எத்தனை முறை திருத்தினாலும். கடைசியில் ரொட்டி சானாய் கடையில்தான் பிடிபட்டது. 1 வெள்ளி (ரிங்கிட்) 20 காசாக இருந்தது 1.50 ஆகிவிட்டது. நாம் தமிழில் "முப்பது காசு ஏறிடுச்சு" என்போம், இல்லை என்றால் "1.50-க்கு ஏறிடுச்சு" என்போம். அந்த '-க்கு' வந்தால் 'டு', வராவிட்டால் 'பை'. நம் வாயில் இந்த வித்தியாசம் ஏற்கெனவே இருக்கிறது, நான்தான் ஆங்கிலத்தைத் தனியாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். சதவீதமும் அப்படித்தான்: 20 சதவீதம் 30 சதவீதமானால் கூடியது பத்துப் புள்ளி, ஆனால் முதலில் இருந்ததோடு ஒப்பிட்டால் 50 சதவீத உயர்வு. 'பெர்சென்டேஜ் பாயின்ட்' என்ற சொல்லை அன்றிலிருந்து விட்டதில்லை.

* * *

நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தேன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். கோயில் பக்கத்து மண்டபத்தில் மாலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நான் அதிகம் திருத்தும் வாக்கியம் 'தி கிராஃப் இன்க்ரீஸ்ட்'. கிராஃப் தாளில் அசையாமல் இருக்கிறது பிள்ளைகளே, ஏறியது விலை. 'ரப்பர் ரோஸ்' (ரப்பர் ஏறியது) என்றும் எழுதக் கூடாது, 'தி ப்ரைஸ் ஆஃப் ரப்பர் ரோஸ்'.

அடுத்தது சொல்லின் கனம். பெரிய சொல் போட்டால் மதிப்பெண் கூடும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள், கோடு ஒரு நூல் இறங்கியிருந்தாலும் 'பிளம்மெட்டட்' (மடமடவென்று சரிந்தது) என்று எழுதுகிறார்கள். அதற்காகவே 2022-இன் செம்பனை எண்ணெய் விலையை அவர்களை வரையச் சொல்வேன். மார்ச், ஏப்ரலில் டன் 7,000 வெள்ளியைத் தாண்டியது, செப்டம்பர் கடைசிக்குள் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது. இதற்குத்தான் 'பிளம்மெட்டட்'. ஒரு நூல் இறங்கியதற்கு 'ஃபெல் ஸ்லைட்லி' போதும், அதுதான் சரியும்கூட. முடிந்துபோன வருஷத்துக்கு இறந்தகாலம், படத்தில் வரப்போகும் வருஷம் இருந்தால் 'இஸ் எக்ஸ்பெக்டட் டு'.

தாதியம்மா, உங்கள் அம்மாவின் நோட்டை ஒரு நாள் மண்டபத்துக்குக் கொண்டு வர முடியுமா? புத்தகத்தில் வரும் எந்தப் படத்தையும்விட எங்கள் பிள்ளைகளுக்கு அது புரியும்.

* * *

கொண்டு வருகிறேன் ஐயா, வருகிற வெள்ளிக்கிழமை. அம்மாவும் வருகிறேன் என்கிறார். ஒட்டியிருக்கும் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் யாரும் பிரிக்கப் பார்க்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.