சதாபிஷேகத்துக்கு முந்தின சாயங்காலம்

(மறுநாள் ஐயாவுக்குச் சதாபிஷேகம். கானாடுகாத்தான் வீட்டில் எல்லோரும் கூடியாச்சு, நான் மட்டும் பல்லவன் ரயிலில். வாட்ஸ்அப் குழுவின் பேர் ‘வளவு’, எங்கள் பக்கத்து வீடுகளின் நடு முற்றத்துக்கு அதுதான் பேர். ஆட்களின் பேர் என் போனில் பதிந்திருக்கிறபடி. அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா.)

மாலை 5:38

காரைக்குடி அண்ணன்: தங்கச்சி எங்கன வர்ற?

நான்: விழுப்புரம் வரப்போகுது. ஏண்ணே?

காரைக்குடி அண்ணன்: ப்ரொஜெக்டர் வந்துருச்சு. கடையிலேருந்து சிபியூ, மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாத்தையும் கார்ல ஏத்திக் கொண்டாந்துட்டேன். எச்டிஎம்ஐ வயரும் குத்தியாச்சு. சுவத்துல நீலமா ‘நோ சிக்னல்’னு நிக்குது. அரை மணி நேரமா அதையே பாத்துக்கிட்டு இருக்கோம்.

சிங்கப்பூர் தம்பி: அண்ணே, லேப்டாப்ல குத்துனா ரெண்டு நிமிஷ வேலை.

காரைக்குடி அண்ணன்: அப்ப ஒண்ணு வாங்கி அனுப்பு. ஐயா படம் பூராவும், பாட்டு கோத்த வீடியோவும் இந்த சிபியூலதான் கெடக்கு.

பெரியப்பச்சி: இனிய மாலை வணக்கம். நல்லதையே நினைப்போம். 🙏 (பலமுறை பகிரப்பட்டது)

நான்: அண்ணே, ப்ரொஜெக்டர் ரிமோட்ல ‘சோர்ஸ்’ இல்லாட்டி ‘இன்புட்’னு ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கி எச்டிஎம்ஐ வச்சியா?

காரைக்குடி அண்ணன்: எச்டிஎம்ஐ 1, 2 ரெண்டும் பாத்தாச்சு. வயரை மாத்தி மாத்திக் குத்தியும் பாத்தாச்சு.

சிங்கப்பூர் தம்பி: விஜிஏ ஓட்டை இருக்கா? நீலக் கலர்ல, 15 பின். அந்த வயர்ல வரும்.

காரைக்குடி அண்ணன்: ப்ரொஜெக்டர்ல இருக்கு. சிபியூல இல்லை. கடையில ஒரு கன்வர்ட்டர் கெடக்கு, விஜிஏலேருந்து எச்டிஎம்ஐக்குப் போறது.

நான்: அது ஆகாது. அது ஒருவழிப் பாதை. உனக்கு எச்டிஎம்ஐலேருந்து விஜிஏவுக்குப் போறதுல்ல வேணும்? அதோட விஜிஏல சத்தம் வராது, தனி வயர் இழுக்கணும். அதை விடு. சிபியூவோட முதுகுப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடு.

சின்னாத்தா: அந்தப் பெட்டியத் தொட்டா சுர்ருங்குது ஆத்தா. நான் தள்ளி வைக்கப் போயி கைய உதறிட்டேன்.

நான்: என்னது! எந்த ப்ளக்ல குத்தியிருக்கீங்க?

காரைக்குடி அண்ணன்: பட்டாலையில இருக்குமே, பழைய ரெண்டு பின்னு. அடாப்டர் போட்டு.

நான்: முதல்ல எல்லாத்தையும் அணை. அந்த லைன்ல எர்த் கிடையாதுண்ணே. கம்ப்யூட்டர் பவர் சப்ளையில எப்பவும் ஒரு துளி மின்சாரம் பெட்டியில கசியும், அதை எர்த் வாங்கிக்கணும். எர்த் இல்லைன்னா தொடுறவுக மேல வரும். அந்த நிலையில வயரைக் குத்திக் குத்தி எடுத்தா ப்ரொஜெக்டர் போர்ட்டும் போயிரும். இரவல் சாமான் வேற. ஏசி போட்ட முகப்பு ரூம்ல மூணு பின் லைன் இருக்கு. அங்கேருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, சிபியூ, மானிட்டர், ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர் எல்லாம் அந்த ஒரே பாக்ஸ்ல.

பெரியப்பச்சி: எங்க காலத்துல எர்த்து கிர்த்துன்னு எதுவும் இல்லை. வால்வு ரேடியோ ஓடத்தான் செஞ்சுச்சு.

நான்: அப்பவும் சுர்ருன்னுதானே பெரியப்பச்சி இருந்துச்சு?

பெரியப்பச்சி: இருந்துச்சு.

மாலை 6:04

காரைக்குடி அண்ணன்: (படம்) லைன் மாத்தியாச்சு. இப்ப சுர்ருங்கலை. பின்பக்கம் இந்தா.

நான்: பாத்துட்டேன். பக்கத்துல உக்காந்திருந்தா ஒரு கொட்டு வச்சிருப்பேன். மேல நெட்டுக்குத்தா ஒரு வரிசை இருக்குல்ல, கீபோர்டு, மவுஸ் எல்லாம் குத்தியிருக்கிறது? அது மதர்போர்டு. நீ எச்டிஎம்ஐய அங்க குத்தியிருக்க. அதுக்குக் கீழ தனியா, படுக்கைவாட்டுல மூணு நாலு ஓட்டை இருக்கு பாரு. அது கிராஃபிக்ஸ் கார்டு, படம் காட்டுறதுக்குன்னே உள்ளது. மானிட்டர் வயர் அங்கதான் போகுது. ப்ரொஜெக்டரும் அங்கதான் போகணும்.

காரைக்குடி அண்ணன்: ரெண்டும் எச்டிஎம்ஐதானே? எதுல குத்துனா என்ன?

நான்: ஆல்பம் டிசைனுக்காக நீ தனி கார்டு போட்டிருக்க. தனி கார்டு இருந்தா பெரும்பாலான கம்ப்யூட்டர்ல மதர்போர்டு ஓட்டை தானா அணைஞ்சுரும். சில ப்ராசஸர்ல படம் காட்டுற பகுதியே இருக்காது, இன்டெல்ல பேருக்குப் பின்னால ‘எஃப்’ எழுத்து இருக்கிறது அந்த ரகம். அதுல மேல என்னதான் குத்துனாலும் வெறும் ஓட்டைதான்.

காரைக்குடி அண்ணன்: என்னோடதுல எஃப் இருக்கு. விலை கம்மின்னு கடைக்காரர் குடுத்தாக.

சிங்கப்பூர் தம்பி: அண்ணே 😂

மாலை 6:11

காரைக்குடி அண்ணன்: வந்துருச்சு!! வந்துருச்சு!! ஆனா வெறும் மலை, ஆறு படம்தான் வருது. என் ஃபோல்டர் ஒண்ணையும் காணோம். மவுஸும் சுவத்துல தெரியலை.

நான்: மவுஸை மானிட்டரோட வலது ஓரத்தைத் தாண்டித் தள்ளு.

காரைக்குடி அண்ணன்: அட, சுவத்துக்கு வந்துருச்சு.

நான்: சுவரை ரெண்டாவது மானிட்டர்னு நெனச்சுக்கிருச்சு. ‘எக்ஸ்டெண்ட்’னு பேரு. விண்டோஸ் பொத்தானோட ‘பி’ அமுக்கு, நாலு வழி காட்டும். அதுல ‘டூப்ளிகேட்’ வச்சா ரெண்டுலயும் ஒரே படம். இப்போதைக்கு அதை வையி. விருத்தாசலம் நெருங்குது, சிக்னல் போயிப் போயி வ

மாலை 6:19

காரைக்குடி அண்ணன்: வச்சாச்சு. எல்லாம் தெரியுது. ஆனா வெளுத்துப் போயிக் கெடக்கு.

காரைக்குடி அண்ணன்: நடுவுல குண்டு பல்பு எரிஞ்ச மாதிரி ஒரு வட்டம் வேற.

காரைக்குடி அண்ணன்: எழுத்து ஓரமெல்லாம் மங்கலா இருக்கு.

காரைக்குடி அண்ணன்: தங்கச்சி?

சிங்கப்பூர் தம்பி: ரயிலு காட்டுக்குள்ள போயிருக்கும்ணே. வெளுத்துப் போறது வளவு திறந்து கெடக்கிறதால. வானத்து வெளிச்சத்தோட எந்த ப்ரொஜெக்டரும் மல்லுக்கட்ட முடியாது. நாளைக்கும் பொழுது சாஞ்ச பிறகுதான்.

மாலை 6:47

நான்: வந்துட்டேன். எழுத்து மங்குறதுக்கு டிஸ்ப்ளே செட்டிங்ல ப்ரொஜெக்டரைத் தேர்ந்தெடுத்து, ‘ரெகமெண்டட்’னு எது போட்டிருக்கோ அந்த ரெசல்யூஷனை வையி. அடியில ஒட்டியிருக்கிற தாள்ல என்ன எழுதியிருக்கு?

காரைக்குடி அண்ணன்: 1280 x 800.

நான்: அதேதான். மானிட்டர் 1920 x 1080. டூப்ளிகேட்ல ரெண்டும் ஒரே அளவுக்கு ஒத்துப்போகணும், அதுல ஒண்ணு மங்கத்தான் செய்யும். கடைசியில எக்ஸ்டெண்டுக்கே மாத்திருவோம், அப்ப அதது அளவு அததுக்கு. அந்தக் குண்டு பல்பு வட்டத்துக்குக் காரணம் ப்ரொஜெக்டர் இல்லை. நம்ம சுவரு.

பெரியப்பச்சி: சுவரைக் குத்தம் சொல்லாதே.

பெரியப்பச்சி: (குரல் செய்தி, 1:52)

சின்னாத்தா: என்ன சொல்றாக? இங்கே அடுப்புச் சத்தத்துல கேக்கலை.

நான்: சுண்ணாம்பு அரைச்சு, முட்டை வெள்ளைக்கரு சேத்து, கல்லால தேச்சுத் தேச்சு மெருகு போட்ட சுவராம். கை வச்சா பளிங்கு மாதிரி வழுக்குமாம். அவுக அப்பத்தா சின்னப் பிள்ளையில அதுல மொகம் பாத்தாகளாம். பெயிண்ட் அடிக்க விட மாட்டாகளாம்.

நான்: பெரியப்பச்சி, பெயிண்ட் வேணாம். அந்தப் பளபளப்புதான் விஷயமே. மொகம் தெரியிற சுவத்துல ப்ரொஜெக்டர் லைட்டும் தெரியும்ல? நமக்குப் பளபளப்பு இல்லாத வெள்ளை வேணும். வேட்டி கட்டுனா போதும்.

காரைக்குடி அண்ணன்: எத்தனை அடிக்கு?

நான்: எட்டடி அகலத்துக்குப் படம் விழுந்தா உயரம் அஞ்சடி. எட்டு முழ வேட்டி ஒண்ணோட அகலம் நாலடி சொச்சம்தான், பத்தாது. ரெண்டை நீளவாட்டுல ஒட்டுப் போட்டுத் தைக்கணும். நடுவுல கரை வராம மடிச்சுத் தைக்கச் சொல்லு, இல்லாட்டி ஐயா மூக்குக்கு நேரா பச்சைக் கோடு ஓடும். இந்த மாதிரி ப்ரொஜெக்டரைப் படத்து அகலத்தைப் போல சுமார் ஒண்ணரை மடங்கு தள்ளி வைக்கணும். எட்டடிக்குப் பன்னிரண்டடி. அங்கன ஒரு ஸ்டூலைப் போட்டு வச்சு, சிபியூவையும் அதுக்குப் பக்கத்துலயே வச்சுரு. எச்டிஎம்ஐ வயரை நீட்டி முழக்காதே. பத்து மீட்டருக்கு மேல சாதா வயர்ல படம் விட்டு விட்டு வரும்.

இரவு 7:34

காரைக்குடி அண்ணன்: (படம்)

காரைக்குடி அண்ணன்: வேட்டி கட்டியாச்சு. பீரோவுல மடிப்புக் கலையாம ரெண்டு இருந்துச்சு. தேவகோட்டை அயித்தை பத்து நிமிஷத்துல தச்சுக் குடுத்துட்டாக. இருட்டும் விழுந்துருச்சு. படம் ஜோரா இருக்கு.

சிங்கப்பூர் தம்பி: சூப்பர்ணே. அயித்தைக்கு ஒரு கும்பிடு.

சின்னாத்தா: அயித்தைக்குத் தையல்தான் வரும். அவுக கொண்டாந்த மனகோலப் பலகாரத்த யாரும் கடிச்சிராதீக. அம்மிக் கல்லு தோத்துச்சு. நாளைக்குப் பந்தியில வச்சா பல்லு செட்டும் சேத்து வைக்கணும்.

சிங்கப்பூர் தம்பி: 😂😂 அவுக குரூப்ல இல்லையே?

சின்னாத்தா: அவுக வச்சிருக்கிறது பட்டன் போனு.

காரைக்குடி அண்ணன்: சின்னாத்தா

காரைக்குடி அண்ணன்: சின்னாத்தா அழிங்க அழிங்க

சின்னாத்தா: ஏன்?

காரைக்குடி அண்ணன்: கம்ப்யூட்டர்ல என் வாட்ஸ்அப் திறந்து கெடக்கு. ஓரத்துல கட்டம் கட்டி வந்துச்சு. எட்டடி அகலத்துல. வளவு பூராப் படிச்சுருச்சு.

சின்னாத்தா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: ஐயோ. அயித்தை?

காரைக்குடி அண்ணன்: கண்ணாடி போடலை. “என்னடா எல்லாரும் சிரிக்கிறீக, என்ன எழுதியிருக்கு?”ங்கிறாக. “ஸ்க்ரீன் தச்சது நல்லா இருக்குன்னு போட்டிருக்கு அயித்தை”ன்னேன்.

சின்னாத்தா: நீ நல்லா இருப்ப.

நான்: அண்ணே, இப்பவே விண்டோஸ் பொத்தானும் பியும் அமுக்கி எக்ஸ்டெண்டுக்கு மாத்து. சுவத்துப் பக்கம் வீடியோ மட்டும் போகட்டும், மத்ததெல்லாம் உன் மானிட்டரோட நிக்கும். வாட்ஸ்அப்பை மூடு. நோட்டிஃபிகேஷனையும் அமத்து.

இரவு 8:22

காரைக்குடி அண்ணன்: திருச்சி வந்துருச்சா? நாதஸ்வரம் கொசு ஊதுற மாதிரி கேக்குது. இத்தனை பெரிய ஸ்பீக்கர் வச்சும்.

நான்: எச்டிஎம்ஐ சத்தத்தையும் சேத்தே கொண்டு போயிருச்சு. ப்ரொஜெக்டருக்குள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கர்தான் பாடுது. கீழ வலது ஓரத்துல ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, ப்ரொஜெக்டர் பேருக்குப் பதிலா ஸ்பீக்கர்னு இருக்கிறதைத் தேர்ந்தெடு.

காரைக்குடி அண்ணன்: ஆத்தாடி! பக்கத்து வீட்டு நாய் குலைக்குது. சரி, குறைச்சாச்சு.

இரவு 8:50

காரைக்குடி அண்ணன்: முழுசா ஓட்டிப் பாத்தோம். ஐயாவும் ஈஸி சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாக. ரங்கூன் படம் வந்ததும் நிப்பாட்டச் சொன்னாக.

நான்: என்ன சொன்னாக?

காரைக்குடி அண்ணன்: “எங்கப்பச்சி வலது தோள்ல துண்டு போட்டு நான் பாத்ததே இல்லை”ன்னாக. நல்லாப் பாத்தா பின்னால பலகையில எழுத்தும் திரும்பி இருக்கு. ப்ரொஜெக்டர் திருப்பிக் காட்டுதா?

நான்: ப்ரொஜெக்டர்னா எல்லாப் படமும் திரும்பியிருக்கும். அது ஒண்ணு மட்டும் நெகட்டிவ்லேருந்து ஸ்கேன் பண்ணது, பக்கம் மாத்தி வச்சுட்டேன். தப்பு என்னோடதுதான். படத்தைத் திறந்து எடிட்ல ‘ஃப்ளிப்’ குடு. ‘ரொட்டேட்’ குடுத்தா தலைகீழாத்தான் போகும். மாத்துன படத்தை வீடியோவுல திரும்பக் கோக்கணும், நான் வந்து பண்றேன். இப்ப ப்ரொஜெக்டரை ரிமோட்ல அணைச்சுட்டு, ஃபேன் ஓடி நிக்கிற வரைக்கும் ப்ளக்கைப் பிடுங்காதே. லாம்ப் சூட்டோட செத்துரும்.

காரைக்குடி அண்ணன்: எங்க அணைக்க? திருப்பி வச்சுக் காட்டிட்டேன். அந்த ஒரு படத்தையே பாத்துக்கிட்டு இருக்காக. பத்து நிமிஷமாச்சு.

நான்: அப்ப ஓடட்டும்.

இரவு 9:16

நான்: புதுக்கோட்டை. காரைக்குடி ஸ்டேஷனுக்கு யார் வர்றீக?

காரைக்குடி அண்ணன்: நான்தான் வர்றேன். கிளம்புறேன்.

பெரியப்பச்சி: போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிட்டுப் போ. நாளைக்குக் கட்ட பீரோவுல ரெண்டு புது வேட்டி வச்சிருந்தேன். காணோம்.

காரைக்குடி அண்ணன்: தங்கச்சி, நான் கிளம்பிட்டேன்.