உமையாளுக்கு இரண்டு மனம்

குழு: ஐயா வீட்டுச் சொந்தங்கள்
(செட்டிநாட்டு வழக்கில் ஆத்தா என்றால் தாய், அப்பச்சி என்றால் தந்தை. இங்கே எழுதும் ஆத்தாவும் அப்பச்சியும் உமையாளைப் பெற்றவர்கள், சொக்கு அவள் அண்ணன்.)
ஞாயிற்றுக்கிழமை

கோட்டையூர் அம்மான் (காலை 6.48): மாத்தூர்க் கோயில் மாப்பிள்ளை வீட்டார் இப்போதுதான் பேசினார்கள். பெண்ணுக்கு விருப்பம் இல்லை என்று நம் வீட்டிலிருந்தே எழுதிவிட்ட பிறகு பேசி முடிக்க வருவது முறையாகாது, ஜாதகத்தைத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்கிறார்கள். யார் எழுதியது? எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆத்தா (6.51): யாரும் எழுதவில்லையே. புதன்கிழமை வரலாமா என்று அவர்கள் வீட்டு ஆச்சி முந்தாநாள்தான் கேட்டார்கள்.

தேவகோட்டை அத்தை (6.52): சொக்கு, நீயா?

சொக்கு (7.05): நான்தான் அத்தை. ஆனால் விருப்பம் இல்லை என்று எழுதவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு டொராண்டோவுக்கு வருவதைப் பற்றி உமையாள் என்ன நினைக்கிறாள் என்று மாப்பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். "உமையாள் இஸ் ஆம்பிவலன்ட் அபவுட் தி மூவ்" என்று ஒரு வரியில் பதில் போட்டேன். அதை அவர் அப்படியே தம் அப்பச்சிக்கு அனுப்பிவிட்டார்.

தேவகோட்டை அத்தை (7.06): அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

பள்ளத்தூர்ச் சித்தப்பா (7.08): முடிவெடுக்கத் தெரியாதவள் என்று பொருள்.

வள்ளி (7.09): அக்கறை இல்லாதவள் என்றுதான் நான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

கோட்டையூர் அம்மான் (7.11): அவர்கள் கைப்பேசியில் பொருள் தேடியிருக்கிறார்கள். "உறுதியில்லாத" என்று வந்ததாம். உறுதியில்லாத பெண்ணை எங்கள் பையனுக்கு எப்படிக் கேட்பது என்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

காரைக்குடிப் பெரியப்பா (7.34): அனைவருக்கும் வணக்கம். ஒரு சொல்லுக்கு அரைமணி நேரத்தில் மூன்று பொருள் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் அந்தச் சொல்லுக்குப் பொருந்தாதவை. ஒரு சம்பந்தம் அதனால் முறியப் போகிறது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 31 ஆண்டுகள் ஆங்கில வகுப்பில் நான் அதிகமாகத் திருத்திய சொற்களில் இதுவும் ஒன்று. ஆய்கன் பிளாய்லர் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் 1910-ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் உண்டாக்கிய சொல்லிலிருந்துதான் இது ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனில் "ஆம்பி" என்றால் இருபுறமும், "வலென்ஷியா" என்றால் வலிமை. ஒரே பொருளின்மீது ஒரே நேரத்தில் எதிரெதிரான இரண்டு உணர்வுகள், இரண்டுமே வலிமையாக, ஒருவர் மனத்தில் இருப்பதைச் சொல்ல அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. சொல்லின் வேரிலேயே வலிமை இருக்க, நாம் அதில் பலவீனத்தைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆத்தா (7.37): மனநல மருத்துவரா? என் பெண்ணுக்கு மனநோய் என்றா இவன் எழுதியிருக்கிறான்?

சொக்கு (7.37): ஐயோ ஆத்தா, இல்லவே இல்லை.

காரைக்குடிப் பெரியப்பா (7.41): அம்மா, பதற வேண்டாம். அந்தச் சொல் மருத்துவமனையை விட்டு வெளியே வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. இன்று செய்தித்தாளில், அலுவலகக் கடிதத்தில், சாதாரணப் பேச்சில் எல்லாம் புழங்குகிறது. அதில் நோயின் வாடை துளியும் இல்லை.

வள்ளி (7.43): பெரியப்பா, வேதியியலில் வேலன்சி என்கிறோமே, இணைதிறன், அதுவும் இந்த வேர்தானா?

காரைக்குடிப் பெரியப்பா (7.44): அதே வேர்தான் வள்ளி. உன் பாடத்தில் அணுவுக்கு உள்ள திறன், இங்கே உணர்வுக்கு.

தேவகோட்டை அத்தை (7.46): அண்ணே, லத்தீன் எனக்கு எதற்கு? நம் வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு வரி சொல்லுங்கள், போதும்.

காரைக்குடிப் பெரியப்பா (8.02): சொல்கிறேன் தங்கச்சி. சேலைக் கடைக்கு நாம் எல்லோரும் போகிறோம் என்று வைத்துக்கொள். எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்பவர் ஒருவர் உண்டு. வள்ளி சொன்ன அக்கறையின்மை அதுதான், அதற்கு ஆங்கிலத்தில் "இன்டிஃபரன்ட்" என்று வேறு சொல் இருக்கிறது. எந்தக் கடைக்குப் போனாலும் விளக்கு வைக்கும் நேரம் வரை பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர் "இன்டிஸைசிவ்", அது ஒருவருடைய சுபாவம். அரக்கு நிறச் சேலையை எடுத்துப் பணம் கட்டும் இடம் வரை போய், திரும்பி வந்து பச்சையை எடுத்து, மறுபடியும் அரக்குக்கு மாறுகிறவர் "வேஸிலேட்" செய்கிறார். அந்தச் சொல்லுக்கு லத்தீனில் தள்ளாடுவது என்று பொருள். உமையாளைப் பற்றிச் சொன்ன சொல்லோ இவை எதிலும் சேராது. மறைந்துபோன தாய் ஆசைப்பட்ட அரக்குக் கண்டாங்கியை ஒரு கையிலும், தன் கண்ணுக்குப் பிடித்த பச்சையை மறு கையிலும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஏன் வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்தே நிற்கிறாள் பாருங்கள் ஒருத்தி, அவளுடைய நிலைதான் அது. தமிழில் அதற்கு நாம் புதிதாக ஒன்றும் உண்டாக்க வேண்டாம். "ரெண்டு மனசா இருக்கு" என்று நம்மைப் பெற்ற ஆத்தா சொல்வார்களே, அச்சாக அதுதான்.

தேவகோட்டை அத்தை (8.05): இப்போது புரிகிறது. 1984-ல் எனக்கும் அப்படித்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

பள்ளத்தூர்ச் சித்தி (8.06): அத்தாச்சி, இப்போது எதற்கு அது?

தேவகோட்டை அத்தை (8.07): கேட்கவில்லை என்றுதான் சொன்னேன். குறை சொல்லவில்லை.

சொக்கு (8.15): மாப்பிள்ளை இன்னும் தூங்கவில்லை, அங்கே இன்னும் சனிக்கிழமை இரவுதான். "இஸ் ஷீ வாஃப்ளிங்?" என்று என்னைக் கேட்கிறார். என்ன எழுதட்டும்?

பள்ளத்தூர்ச் சித்தி (8.16): அது கட்டம் கட்டமாக இருக்கும் தின்பண்டம் அல்லவா? சென்னையில் பேரன் கேட்டு அழுதான்.

காரைக்குடிப் பெரியப்பா (8.21): தின்பண்டத்தின் பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது, இது வேறு. ஆங்கிலேயர்கள் "வாஃபிள்" என்றால் சாரமில்லாமல் நீட்டிப் பேசுவதைக் குறிப்பார்கள், அமெரிக்கப் பேச்சில்தான் மாற்றி மாற்றிச் சொல்வது என்று பொருள். அவர் அந்தப் பக்கத்து வழக்கில் கேட்கிறார். இல்லை, அவள் எதையும் மாற்றிச் சொல்லவில்லை என்று உடனே எழுது சொக்கு. இன்னொன்றையும் கவனி. நீ எழுதிய வரியில் தவறு ஏற்பட்ட இடம் அந்தச் சொல் மட்டும் அன்று. "அபவுட்" என்பதற்குப் பின்னால் எது வருகிறதோ, இரண்டு மனம் அதைப் பற்றியது மட்டுமே. நீ "தி மூவ்" என்று எழுதியபோது வெளிநாட்டுக்குக் குடிபெயர்வதை நினைத்தாய். அவர்கள் அதைச் சம்பந்தம் என்ற முயற்சி முழுமைக்குமாக எடுத்துக்கொண்டார்கள். "டொராண்டோவுக்கு வருவது பற்றி" என்று நீ விரித்து எழுதியிருந்தால் அம்மானுக்கு இந்த அதிகாலைத் தொலைபேசி வந்திருக்காது.

சொக்கு (8.23): உண்மைதான் பெரியப்பா. அவசரத்தில் போட்டுவிட்டேன். வருந்துகிறேன்.

காரைக்குடிப் பெரியப்பா (8.40): இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அம்மான் அவர்கள் வீட்டில் பேசும்போது இது உதவும். இரண்டு மனமாக இருப்பதைக் கோழைத்தனம் என்று நம் பழைய இலக்கியம் கருதவில்லை. நற்றிணையின் 284-ஆம் பாட்டில், வினைமேற் சென்ற இடத்தில் ஒருவன் நிற்கிறான். அவளிடம் திரும்பிப் போவோம் என்கிறது நெஞ்சு. எடுத்த வினையை முடிக்காமல் திரும்பினால் இழிவு, சற்றே பொறு என்கிறது அறிவு. எதிரெதிரே இரண்டு களிறுகள் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல என் உடம்பு அழிந்துபோகுமோ என்று அவன் கேட்கிறான். அந்தப் புலவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை, தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று அந்த உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. ஐயா ரங்கூனுக்குக் கப்பல் ஏறிய காலத்தில் நம் ஊர்களில் எத்தனை முகப்புகளில் எத்தனை பேர் இப்படி நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இழுப்பது இரண்டும் யானை. கயிற்றைக் குறை சொல்வது நியாயமா?

கோட்டையூர் அம்மான் (8.44): அயித்தான், இவ்வளவையும் நான் தொலைபேசியில் சொல்ல முடியாது.

பள்ளத்தூர்ச் சித்தப்பா (8.52): அண்ணே, ஒன்று கேட்கலாமா? சென்ற ஆடியில் முன்னோர் படைப்புக்குக் கூடியிருந்தபோது, நம் பூர்வீக வளவு வீட்டை விற்பது பற்றி நான் பார்க்கலாம் என்று சொன்னதற்கு, எல்லார் எதிரிலும் என்னை ஒரு ஆங்கிலச் சொல்லால் சொன்னீர்கள். இப்போது நீங்கள் எழுதியதைப் படித்ததும்தான் அது தள்ளாடுகிறவன் என்று தெரிகிறது.

பள்ளத்தூர்ச் சித்தி (8.53): இதை ஏன் இப்போது?

பள்ளத்தூர்ச் சித்தப்பா (9.03): சொல் எது என்று பேசிக்கொண்டிருப்பதால் கேட்கிறேன். என் பங்கு கையில் வந்தால் கடைக் கடன் அடைந்துவிடும், இரவில் தூக்கம் வரும். ஆனால் வாங்க வந்தவர் கிழக்குத் தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, தேக்குக்குத் தனியாக ஒரு விலை சொன்னார். அந்தத் தூணில் சாய்ந்துதான் நம்மைப் பெற்ற ஆத்தா தினமும் கீரை ஆய்வார்கள். அவர்கள் தலை எண்ணெய் பட்டுக் கறுத்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு இன்றும் இருக்கிறது. அவர் தட்டியது அதற்கு ஒரு சாண் மேலே. நான் பார்க்கலாம் என்று சொன்னது அதனால்தான். ஓடு மாற்றாமல் இரண்டாம் கட்டில் ஒழுகுவதற்கு நான்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை அத்தை (9.06): அந்தக் கறுப்பை நானும் தொட்டுப் பார்த்திருக்கிறேன் தம்பி.

காரைக்குடிப் பெரியப்பா (9.15): தம்பி, நீ சொல்வது முற்றிலும் சரி. நான் அன்று சொன்னது தவறான சொல், சொன்ன இடமும் தவறு. நீ ஒரு நாளும் மாற்றி மாற்றிப் பேசியதில்லை, முதல் நாளிலிருந்து இன்றுவரை இரண்டு காரணங்களையும் ஒரே மாதிரிதான் வைத்திருக்கிறாய். வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்த நான், உனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்கத் தவறிவிட்டேன். மன்னித்துக்கொள்.

பள்ளத்தூர்ச் சித்தப்பா (9.17): இருக்கட்டும் அண்ணே.

கோட்டையூர் அம்மான் (9.21): வீட்டுப் பேச்சை அடுத்த படைப்பில் வைத்துக்கொள்வோம். அவர்கள் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு வரி எழுதித் தாருங்கள்.

காரைக்குடிப் பெரியப்பா (9.27): "உமையாளுக்கு மாப்பிள்ளைத் தம்பியைப் பிடித்திருக்கிறது, ஊரை விட்டு அவ்வளவு தூரம் போவதில் மட்டும்தான் அவளுக்கு இரண்டு மனமாக இருக்கிறது."

ஆத்தா (9.28): பிடித்திருக்கிறது என்று பெண் வீட்டார் நாமே முந்திக்கொண்டு சொல்லலாமா?

வள்ளி (9.28): சொன்னால் என்ன சின்னத்தா?

தேவகோட்டை அத்தை (9.30): பிடித்திருக்கிறதா என்று அவளிடம் யார் கேட்டது? நாளைக்கு இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்துப் போடுவோம். போய் வாழப் போகிறவள் அவள்.

சொக்கு (9.31): உமையாள் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள் அத்தை. எல்லாவற்றையும் படித்துவிட்டாள் என்று காட்டுகிறது.

உமையாள் (9.48): காலையிலிருந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அண்ணன் எழுதிய சொல் சரியான சொல். என்னைக் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம், அவ்வளவுதான். இரண்டு தடவை அவரோடு பேசினேன். இரண்டு தடவையும் நான் என்ன வேலை செய்கிறேன், நோயாளிகள் எப்படி நடக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டார், வேறு யாரும் இதுவரை அதைக் கேட்டதில்லை. அது ஒரு பக்கம். அப்பச்சியின் வலது கை சென்ற வாரம்தான் தண்ணீர்த் தம்ளரைச் சிந்தாமல் உதடு வரை கொண்டுபோனது. சனி, ஞாயிறு தோறும் அந்த விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து மடக்கிவிடுகிறேன். இது மறுபக்கம். இரண்டில் எதையும் குறைத்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அம்மான், நீங்கள் பேசுவதற்கு முன்னால் இதை நானே அவரிடம் தமிழில் சொல்லிவிடுகிறேன்.

தேவகோட்டை அத்தை (9.50): சொல்லு ஆத்தா. ஆனால் மாலை 4.30 முதல் 6 வரை ராகுகாலம், அதைத் தள்ளிப் பேசு.

கோட்டையூர் அம்மான் (9.52): அப்படியானால் இப்போது நான் அவர்களுக்கு என்ன சொல்ல? புதன்கிழமை உண்டா, இல்லையா?

ஆத்தா (9.53): ஜாதகத்தை மட்டும் இன்று வாங்காதீர்கள். மற்றதை இரவு பார்த்துக்கொள்வோம்.

காரைக்குடிப் பெரியப்பா (9.55): அந்த அப்பச்சியிடம் சொல்லின் பொருளை நானே ஒரு முறை நேரில் விளக்கட்டுமா?

கோட்டையூர் அம்மான் (9.55): வேண்டாம் அயித்தான். முதலில் அவள் பேசட்டும்.

அப்பச்சி (10.12): போகட்டும்.

சொக்கு (10.13): அப்பச்சி வலது கையாலா தட்டியிருக்கிறார்கள்?

தேவகோட்டை அத்தை (10.14): எது போகட்டும் என்கிறான்? ஜாதகமா, பெண்ணா?

ஆத்தா (10.15): முகப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.