கூர்மூலையில் தகைப்பு ஏறிக்கொண்டே போகிறது: மெஷ்ஷை எங்கே நுணுக்குவது?

கேள்வி (மட்டக்களப்பு):
கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்துப் பயிற்சிக்காக வரைந்த ஓர் இணைப்புத் தகட்டை, கணினியில் நான்கு கணு நான்முகி மூலகங்களாக (முனைகளில் கணு என்னும் புள்ளிகளுள்ள சிறு துண்டுகளாக; இவற்றின் வலையே மெஷ்) பிரித்துப் பகுப்பாய்வு செய்கிறேன். மூலக அளவைக் குறைக்கக் குறைக்கத் தகட்டிலுள்ள துளையின் ஓரத் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் தாங்கும் விசை) நிலைபெற்றுவிட்டது. உட்புறக் கூர்மூலையில் மட்டும் அது ஏறிக்கொண்டே போகிறது. முழுத் தகட்டையும் இன்னும் நுணுக்க வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம், தம்பி. வளைவு ஆரையே இல்லாத உட்கூர்மூலையில் நேர்கோட்டு மீள்தன்மைக் கோட்பாட்டின்படி (தகைப்புக்கு நேர்விகிதத்தில் பொருள் உருமாறும் எனக் கொள்வது) தகைப்புக்கு எல்லையே இல்லை என்பதால், எவ்வளவு நுணுக்கினாலும் அந்த எண் நிலைகொள்ளாது. பட்டறையில் வெட்டும்போது அங்கே எப்படியும் ஒரு சிறு வளைவு விழும். அதை மாதிரியிலும் வரைந்து, வளைவின் மீது சில மூலகங்களாவது அமையுமாறு அவ்விடத்தில் மட்டும் அளவைக் குறையுங்கள். துளையைச் சரிபார்ப்பது எளிது: அகன்ற தகட்டை ஒரு திசையில் இழுத்தால் வட்டத் துளையோரத்தில் பெயரளவுத் தகைப்பின் (துளைக்குத் தொலைவிலுள்ள சீரான தகைப்பின்) 3 மடங்கு வர வேண்டும்.

பதில் 2 (அம்பாறை):
மூலகத்தின் அளவை விட வடிவமே எனக்கு உறுத்துகிறது. நான்கு கணு நான்முகி வளைதலில் மிகை விறைப்பைக் காட்டும்; விளிம்புகளின் நடுவிலும் கணுக்களுள்ள பத்துக் கணு வகைக்கு மாறுங்கள், அல்லது தகடு மெல்லியதென்றால் நாற்பக்க ஓட்டு மூலகங்களே (தகட்டை மெல்லிய பரப்பாகக் கொள்பவை) போதும். மெஷ் உருவாக்கும் ஜிமெஷ் மென்பொருளில் துளையிலிருந்துள்ள தூரத்துக்கேற்ப அளவைப் படிப்படியாகப் பெருக்கலாம். திடீரெனப் பெருக்கினால் இடையில் நீண்டு ஒடுங்கிய மூலகங்கள் உருவாகும்.

கேட்டவர்:
நன்றி. ஆரையைச் சேர்த்ததும் மூலைத் தகைப்பு நிலைபெற்றது.